கோலத்தின் கணக்கு, கவிதையின் கட்டு

மும்பையின் செம்பூரைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் தமிழர்களுக்குப் பழக்கமான பல உலகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் கச்சேரியும் நாட்டியமும். செடா நகரில் முருகன் கோயில். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். மான்குர்டில், வி.என்.புரவ் மார்க் ஓரத்தில், கணித, அறிவியல் ஒலிம்பியாடுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். இவற்றுக்கு நடுவே அடுக்குமாடி வீடுகளின் வாசலில், லிஃப்டுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் இடையே மிஞ்சிய இரண்டடி டைல்ஸில், ஒரு கோலம். மாவு கொட்டினால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று சாக்பீஸ். அதற்கும் நேரமில்லாத வீட்டில் ஸ்டிக்கர். இந்த உலகங்கள் எல்லாமே ஒரே பிள்ளையின் வாரத்தில் வந்து போகின்றன. திங்களன்று கணக்கு டியூஷன், புதனன்று பரதம், சனிக்கிழமை கோடிங் வகுப்பு, நேரம் இருந்தால் தமிழ். கலையையும் அறிவியலையும் இப்படிக் கலந்து கொடுத்தால் கற்பனை தானே வளரும் என்று பள்ளி விளம்பரங்கள் சொல்கின்றன. அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதி வைத்ததாலேயே இரண்டு துறைகள் பேசிக்கொண்டுவிடாது. கணிதம், நிரல், ஓவியம், வாசிப்பு ஆகிய நான்கும் உண்மையாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு விதி இருக்கும். அந்த விதி நம்மைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லும். யோசனை அங்கேதான் பிறக்கிறது.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே விடுபடக் கூடாது. இவ்வளவுதான் விதி. இரண்டு வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்துத் தொடங்கினால், கை எடுக்காமல் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அந்தத் தெம்பில் மூன்றுக்கு மூன்று வைத்தால் கோலம் முரண்டு பிடிக்கும். இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றாமலே மூடிக்கொள்ளும். மீதிக்கு இன்னொரு சுற்று, பிறகும் ஒன்று என மொத்தம் மூன்று தனித்தனிச் சுற்றுகள் வரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு சுற்று. இதற்குக் காரணம் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் உள்ள புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை சுற்றுகள். இரண்டுக்கும் மூன்றுக்கும் அது ஒன்று. நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு. சதுரம் என்றால் பக்கத்தின் எண்ணே விடை. ஆக, இந்த விதிப்படி எந்தச் சதுரமும் ஒரே இழையில் முடியாது, ஒற்றைப் புள்ளியைத் தவிர. கையை எவ்வளவு பழக்கினாலும் இதைத் தாண்ட வழியில்லை. விதியை எங்கே, எவ்வளவு தளர்த்துவது என்று யோசித்தாக வேண்டும்.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் எஸ்.நாரணன். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் காஸ்மிக் கதிர்களையும் எக்ஸ்-கதிர் வானியலையும் ஆராய்ந்தவர். ஓய்வுக்குப் பின் கோலத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் ஃபிபனாச்சி வரிசை அவருடைய சாவி. அந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வரும் எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு என்ற செவ்வகங்கள் எல்லாமே ஒற்றை இழையில் முடியும். ஐந்துக்கு ஐந்து சதுரத்தை அவர் வழியில் பிரித்துப் பாருங்கள். நட்ட நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றிக் காற்றாடி இறக்கைபோல் நான்கு செவ்வகங்கள், ஒவ்வொன்றும் இரண்டுக்கு மூன்று. நான்கு ஆறு இருபத்து நான்கு, நடுவில் ஒன்று, ஆக இருபத்தைந்து. இப்போது கையில் ஐந்து சுற்றுகள் இருக்கின்றன: நடுப் புள்ளியின் சிறு வட்டம் ஒன்று, செவ்வகங்கள் நான்கு. நடு வட்டம் ஒவ்வொரு செவ்வகத்தையும் உரசும் இடத்தில் இழைகளை ஒருமுறை குறுக்கே வெட்டவிட்டால், இரண்டு சுற்று ஒன்றாகிவிடும். நான்கு பக்கமும் நான்கு வெட்டு. ஐந்து சுற்றும் ஓர் இழையில் அடங்கி, கோலத்தைக் கால் சுற்றுத் திருப்பினாலும் அதே உருவம் நிற்கிறது. எட்டுக்கு எட்டிலும் கணக்கு ஒத்துவருகிறது: நடுவில் இரண்டுக்கு இரண்டு, சுற்றிலும் மூன்றுக்கு ஐந்தாக நான்கு, நான்கும் அறுபதும் அறுபத்து நான்கு. நடுச் சதுரம் மட்டும் இரண்டு சுற்றாகப் பிரிவதால் வெட்டும் இடங்களை இன்னும் கவனமாகத் தேர வேண்டும். இதே நாரணன், வி.கே.பாலசுப்ரமணியனுடன் சேர்ந்து, ஒரு நூலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதன் கணக்கையும் ஆராய்ந்தார். 1992-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அது வந்தது. விண்கதிர், சொற்கள், கோலம் என்று மூன்று ஆசைகள் ஒரே மனிதருக்கு வந்தது எப்படி என்று வியப்பதைவிட, மூன்றிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே என்று பார்ப்பது பயனுள்ளது: இந்த ஒழுங்கு எந்த விதியிலிருந்து வருகிறது?

அவருக்கு முன்பே இந்தக் கேள்வியைப் படங்களிடம் கேட்டவர், அதே டாட்டா நிலையத்தைச் சேர்ந்த ஆர்.நரசிம்மன். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய மின்னணுக் கணினி டிஃப்ராக். 1960-இல் இயங்கத் தொடங்கி, 1962-இல் நேருவால் பெயர் சூட்டப்பட்ட அந்த இயந்திரத்தை உருவாக்கிய குழுவுக்கு அவரே தலைவர். அதன் நினைவகத்தில் 2048 சொற்கள். சொல்லுக்கு 40 பிட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் கூட அதில் அடங்காது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், குமிழி அறையில் பதிவான அணுத்துகள் தடங்களின் புகைப்படங்களைக் கணினி படிப்பது எப்படி என்ற வேலை அவருக்கு. ‘இது எந்த வகைப் படம்’ என்று முத்திரை குத்துவது போதாது; எந்தக் கோடு எந்தக் கோட்டோடு எங்கே சேர்ந்து படமாயிற்று என்று விவரிக்க வேண்டும், வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் வேண்டும் என்றார். 1964-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிற்காலத்தில் குழந்தை மொழி பழகும் விதம், எழுத்தறிவு மனிதச் சிந்தனையை மாற்றும் விதம் என்று போய், மொழி நடத்தை பற்றிப் புத்தகங்கள் எழுதினார். கணினி கட்டியவர் ஏன் குழந்தைப் பேச்சுக்குப் போனார் என்று சிலருக்குத் தோன்றலாம். படத்துக்கு இலக்கணம் தேடியவர் பேச்சுக்கு வந்து சேராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கோலத்தையே கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனது தாம்பரம். அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிரிதிவாசன். மூவரும் 1974-இல் ‘அணி இலக்கணமும் கோலமும்’ (அணி என்பது இங்கே கட்டங்களாக அடுக்கிய array) என்ற பொருளில் எழுதிய கட்டுரை, கணினி வரைகலைக்கான ஒரு பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. அப்போது மொழி இலக்கணங்கள் பெரும்பாலும் ஒரே வரியில் ஓடும் எழுத்துகளுக்கானவை. கோலமோ கிடைமட்டமாகவும் வளரும், கீழ்நோக்கியும் வளரும்; மூன்று புள்ளியில் போட்டதை ஐந்தாக்கினால் எல்லாப் பக்கமும் விகிதம் மாறாமல் பெருக வேண்டும். ஒரு வரி இலக்கணம் இங்கே கைவிரித்தது. கட்டங்களையே கட்டங்களுக்குள் வைத்து வளர்க்கும் இலக்கணங்களை அவர்கள் உருவாக்கினார்கள். ‘கோலம் அணி இலக்கணம்’ என்ற பெயர் இன்றைக்கும் அந்தத் துறையில் வழங்குகிறது. பின்னர் கிஃப்ட் சிரோமணி கம்பிக் கோலத்தை ஏழே ஏழு அசைவுகளாகப் பிரித்தார்: நேராகப் போவது ஒன்று, வலப்புறம் திரும்புவது, கொண்டை ஊசியாக வளைவது, சுழித்து வருவது என மூன்று, அதே மூன்றும் இடப்புறம். எவ்வளவு பெரிய கோலமானாலும் இந்த ஏழின் வரிசைதான். கோலப்பொடியைக் கிள்ளி எடுத்து விரலிடுக்கில் விடும் கை செய்வதும் அதையே. கணினிக்குக் கொடுக்கும் நிரலும் அதுவே. பாசி வளர்வதை விளக்க 1968-இல் உயிரியலாளர் லிண்டன்மேயர் வகுத்த விதிமுறை, எண்பதுகளில் புருசின்கீவிச் என்ற கணினி ஆய்வாளர் கைக்குப் போனபோது, செடிகளோடு கோலத்தையும் திரையில் வரைந்தது.

கிஃப்ட் சிரோமணியின் மற்ற வேலைகளைப் பார்த்தால் ‘வாசிப்பு’ எங்கே வந்து சேர்கிறது என்பது விளங்கும். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி 1978-இலேயே அவரும் சகாக்களும் எழுதினார்கள். சிந்து எழுத்துகளைப் புள்ளியியல் கொண்டு அலசினார். பல்லவச் சிற்பங்களின் ஆடை அணிகள் மாறிவந்த விதத்தைக் கொண்டு அவற்றின் காலத்தைக் கணிக்க முயன்றார். திருக்குறளைப் பழைய வரிவடிவங்களில் எழுதிப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர். 1988-இல் அவர் இறந்தபோது வயது 55. கல்வெட்டைப் படிப்பதும், கோலத்தைப் படிப்பதும், சிற்பத்தின் இடுப்புக் கச்சையைப் படிப்பதும் அவருக்கு ஒரே பழக்கத்தின் கிளைகள். கூர்ந்து பார்த்து, ‘இந்த இடத்தில் இதுதான் வரலாம், அது வர முடியாது’ என்று சொல்லத் துணிவது அந்தப் பழக்கம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, அவர்கள் அதைக் கணிதம் என்று அழைக்காவிட்டாலும். நேர், நிரை என்று அசை இரண்டு. இரண்டு அசை சேர்ந்தால் சீர் நான்கு. மூன்று சேர்ந்தால் எட்டு. நான்கு சேர்ந்தால் பதினாறு. யாப்பருங்கலக்காரிகை படித்த மாணவன் இரண்டின் அடுக்குகளை வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்துவிடுகிறான். வெண்பா இன்னும் கறார். மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளமோ காயோ வந்தால் நேரில். அடுத்து என்ன வரலாம் என்று முடிவு செய்ய, இப்போதைய சீரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கணினி அறிவியலின் முதல் பாடங்களில் வரும் எளிய இயந்திரம் வேலை செய்வது இப்படியேதான். அதனால்தான் வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ மென்பொருளால், கொடுத்த செய்யுளை அசை பிரித்து, தளை பார்த்து, பாவகையைச் சொல்லிவிட முடிகிறது. சித்திரகவிகளோ இதை விளையாட்டின் எல்லைக்கே கொண்டுபோனவை. சுழிகுளம் என்பது எட்டெழுத்து அடிகள் நான்கு. வரிவரியாகப் படித்தாலும், ஓரத்திலிருந்து சுழன்று சுழன்று உள்ளே போய்ப் படித்தாலும் அதே பாட்டு. மாலைமாற்றைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாது. ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிப் பாடியிருக்கிறார். எழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என ஏழு வரை ஏறி இறங்கித் தேர்போல் அடுக்குகின்றன. சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் பாடிய வடிவம் அது.

இங்கே ஒரு தடை வலுவாகவே எழும். இதெல்லாம் கவிதையா, கழைக்கூத்தா? சித்திரகவிக்கு மிறைக்கவி என்ற பெயரே உண்டு. உணர்ச்சியை விட்டுவிட்டு எழுத்தைக் கட்டத்துக்குள் திணிக்கும் வித்தை என்று நல்ல ரசிகர்கள் அதை ஒதுக்கியிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. பிற்காலத்துச் சித்திரகவிகள் பலவற்றை உரையில்லாமல் தொடவே முடியாது; உரையோடு தொட்டாலும் சுவைக்காது. விதி இருந்தாலே கலை வந்துவிடும் என்பதல்ல இங்கே வாதம். விதி ஒருவரை முதலில் தோன்றிய சொல்லிலிருந்து நகர்த்துகிறது. நகர்ந்த இடத்தில் நல்லது கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் பொறுப்பு. மாலைமாற்றுப் பாடிய அதே சம்பந்தர்தான் குழந்தைக்கும் விளங்கும் பதிகங்களையும் பாடினார். வெண்பாவில் தளை தட்டும்போது, வந்த சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சொல் தேடுகிறோம். நிரலில் பிழைச் செய்தி வரும்போது, நாம் சொன்னதாக நினைத்ததும் உண்மையில் சொன்னதும் வேறு என்று தெரிகிறது. நிரூபணம் கடைசி வரியில் நின்றுவிட்டால், முதல் வரியிலேயே ஏதோ அதிகமாக எடுத்துக்கொண்டோம் என்று புரிகிறது. நம் தவறை முகத்துக்கு நேரே சொல்லும் துறைகள் என்பதே இவற்றின் உறவு. கலையும் அறிவியலும் கைகோக்க வேண்டும் என்ற மேடைப் பேச்சில் இந்த ‘தவறு’ என்ற பேச்சே வருவதில்லை.

இன்னொரு தடை வேறு திசையிலிருந்து வரும். கோலம் போட்ட பெண்களுக்கு மீப்பெரு பொதுக் காரணியும் தெரியாது, அணி இலக்கணமும் தெரியாது. ஆண்கள் நிறைந்த ஆய்வுலகம் பின்னால் வந்து சூட்டிய கிரீடத்தை அவர்கள் தலையில் ஏன் வைக்க வேண்டும்? பாதி நியாயமான கேள்வி. நம் பாட்டிமார் அன்றே கணினி அறிவியலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பெருமை வெறும் காற்று. ஒரு பொது விதியைக் கூறி, அது எப்போதும் செல்லும் என்று நிறுவுவது தனி உழைப்பு. அதை ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் செய்தார்கள், அவர்களும் பெண்களே. மறுபாதியில் கேள்வி தவறுகிறது. இலக்கணம் படிக்காதவரும் பிழையில்லாமல் பேசுகிறார். பிழை கேட்டால் உடனே காது உறுத்துகிறது. மூன்றுக்கு மூன்றில் இழை பாதியில் மூடிக்கொள்வதைப் பார்த்து, ‘இது ஒரே இழையில் வராது’ என்று சொல்லும் பெண்ணிடம் இருப்பது சோதித்து அறிந்த அறிவு. அது நமக்கு மட்டும் உரிய மரபுமல்ல. அங்கோலாவில் சோக்வே மக்கள், ஆண்கள், கதை சொல்லிக்கொண்டே மணலில் புள்ளி வைத்து ஒரே கோட்டில் ‘சோனா’ வரைகிறார்கள். மொசாம்பிக் நாட்டுக் கணித ஆய்வாளர் பாவ்லுஸ் ஜெர்டிஸ் அவற்றை ஆராய்ந்துவிட்டு, 1989-இல் தமிழர் கோலத்தைப் பற்றியும் தனிக் கட்டுரை எழுதினார். தொடர்பே இல்லாத இரண்டு நிலங்களில் ஒரே கணக்கு வெளிப்பட்டதற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே விதியை ஏற்றுக்கொண்டதுதான்.

இப்போது மூன்றாவது கேள்வி. ஒரு வரி தட்டினால் செயற்கை நுண்ணறிவு கோலமும் போட்டுத் தருகிறது, வெண்பாவும் எழுதித் தருகிறது. இனி கை எதற்கு? வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அது அழகாக இருக்கிறது, அழியாமல் இருக்கிறது, ஒட்டியவருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. கேட்டதும் வந்துவிழும் படம் நம்மை எந்த இடத்திலும் தடுப்பதில்லை. இயந்திரத்தை ஒதுக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், தாம்பரத்தவர்களும் கணினிக்காரர்களே. அவர்கள் கணினியிடம் கோலத்தைக் கேட்கவில்லை, கோலத்தின் விதியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தங்களுக்கு எது தெரியவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது.

வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு இது என்று சொல்லப்படுவதற்கும் செம்பூர் வட்டாரமே மறுமொழி வைத்திருக்கிறது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்புத் தேவைக்காக ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. தமிழர்கள் பலர் உட்பட அங்கிருந்த மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். நாட்டின் தலைசிறந்த கணக்குகள் போடப்படும் வளாகமும், அதற்கு இடம் விட்டுப் போனவர்களின் சந்துகளும் இன்றும் அக்கம்பக்கம். கோடிங் வகுப்புக்கும் மடிக்கணினிக்கும் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஏழு அசைவுகளைத் தரையில் எழுதி, தோழிக்குப் படித்துக் காட்டி, அவள் போட்ட கோலம் சரியாக வந்ததா என்று பார்க்க முடியும். அதுவே நிரல் எழுதுவது. அதுவே பிழை திருத்துவது. மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளில் இதற்குத் தனிப் பாடநூல் கூட வேண்டாம். சொல்லப்போனால், டைல்ஸ் தரையைவிட சீத்தா கேம்ப்பின் சிமென்ட் வாசலில் கோலம் நன்றாக விழும்.

செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழ் அமைப்புகளிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. பொங்கலுக்கு நடத்தும் கோலப் போட்டிகளில் பெரியதற்கும் கலர் அதிகமானதற்கும் பரிசு கொடுத்து வருகிறீர்கள், கொடுங்கள். கூடவே இன்னொரு பிரிவு வையுங்கள். ஏழுக்கு ஏழு புள்ளி; ஒரே இழை; கால் சுற்றுத் திருப்பினாலும் உருவம் மாறக் கூடாது. நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுற்றிலும் மூன்றுக்கு நான்காக நான்கு செவ்வகம் அமைத்தால் வழி உண்டு. வேறு வழிகளும் உண்டு. போட்டவர் தன் விதியைப் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும்; அதைப் படித்து இன்னொருவர் அதே கோலத்தைப் போட்டுக் காட்டினால் மட்டுமே பரிசு. நடுவராக மான்குர்டிலிருந்து ஒரு கணித ஆசிரியரையும், தமிழ் யாப்பு தெரிந்த ஒருவரையும், நாற்பது வருஷமாக வாசலில் கோலம் போடும் ஒரு அம்மாவையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.